எந்தக் கைப்பேசி மலையேறும்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரியின் பெயரோடு சேர்ந்தே நம் நினைவுக்கு வருவது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலைமேல் மிளகும் காப்பியும் பலாவும் சாமையும் விளைவதைக் காணலாம். அம்மலையில் வாழ்வோரிடமும் இன்று கைப்பேசி இருக்கிறது.

கைப்பேசிகளை ஒப்பிட்டு எழுதுவோர் வேகத்தையும் படம் பிடிக்கும் திறனையுமே பெரிதாகப் பேசுகின்றனர். நாம் வேறோர் உரைகல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் அறியாத மிளகு விவசாயி ஒருவர், மழைநாளில், மலைச்சரிவில் நின்று கைப்பேசியை எளிதாகக் கையாள முடியுமா?

கைப்பேசியின் உறுப்புகளை இயக்கி, நமக்கும் கருவிக்கும் இடையே நிற்கும் மென்பொருளே இயங்குதளம். ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். 2007-இல் ஐபோனுடன் வந்தது. கூகுளின் ஆண்ட்ராய்டு கொண்ட முதல் கைப்பேசி 2008-இல் வெளியாயிற்று. 2017-இல் வந்த ஜியோபோன், காய் ஓ.எஸ். என்னும் மூன்றாவது தளத்தில், பொத்தான்களுடன் இயங்கியது.

முதற் சோதனை மொழி. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை தேவையில்லை. 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் போதும். 'கொ' என்ற எழுத்தைத் திரையில் காட்ட, ககரத்தின் இருபுறமும் குறிகளைச் சரியாக அமைக்கும் வேலையைத் தளமே செய்ய வேண்டும். இன்று இதை மூன்றும் செய்கின்றன. ஆனால் எழுதுவது வேறு, கருவியே தமிழில் பேசுவது வேறு. ஆண்ட்ராய்டு தன் பட்டியல்களை 2014-இலேயே தமிழில் தந்தது. ஐபோனில் 2013-இல் தமிழ் விசைப்பலகை வந்தபோதிலும், பட்டியல்கள் தமிழில் வர 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விலை மிகுந்த கருவி, மொழியில் பின்தங்கியது வியப்பே! இங்கு ஆண்ட்ராய்டுக்கே முதலிடம். ஆயினும் பேச்சில் வழங்காத புதுச்சொற்களைப் பட்டியலில் அடுக்குவதால், மீண்டும் ஆங்கிலத்துக்கே மாறிவிடுவோர் உண்டு. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. படிப்பவருக்குப் புரியவும் வேண்டும்.

இரண்டாவது சோதனை மழை. தொடுதிரை, விரல் உண்டாக்கும் மின்தேக்கு மாற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், மழைத்துளிகள் திரையைக் குழப்புகின்றன. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன உலர்ந்த விரலையும் அது சில வேளை உணர்வதில்லை. பொத்தானுக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் பொத்தானில் ஓர் எழுத்துக்குப் பலமுறை அழுத்த வேண்டும்.

மூன்றாவது சோதனை அலை. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே மலை குறுக்கிட்டால் ரேடியோ அலை வலுவிழக்கும். அப்போது கருவி தன் ஆற்றலைக் கூட்டிக் கோபுரத்தைத் தேடுவதால் மின்கலம் விரைவில் தீரும். இது எல்லாத் தளங்களுக்கும் பொது. இணைப்பு அறுந்தால் பல செயலிகள் வெறுந்திரையைக் காட்டுகின்றன. கடைசியாகப் பெற்ற மிளகு விலையையாவது தேதியுடன் காட்டலாகாதா? இணைப்பு எப்போதும் இருக்கும் என்ற நகரத்து எண்ணமே இக்குறைக்குக் காரணம்.

நான்காவது சோதனை ஆயுள். ஐபோனுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேலும் புதுப்பிப்பு கிடைப்பது பாராட்டத்தக்கது. மலிவான ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றுக்கு அது விரைவில் நின்றுவிடுகிறது. காய் ஓ.எஸ். நிலை இன்னும் வருந்தத்தக்கது. 2018-இல் ஜியோபோனுக்கு வந்த வாட்ஸ்அப்பை அத்தளத்தில் புதிதாக நிறுவும் வசதி 2024-இல் நிறுத்தப்பட்டது. கருவி பழுதாகாமலே அதன் பயன் சுருங்கியது. குறைந்த விலையில் வாங்கியவரே இதில் அதிகம் இழந்தார்.

ஆகவே மொழிக்கு ஆண்ட்ராய்டு, நெடுநாள் உழைப்புக்கு ஐபோன், ஈரக்கைக்குப் பொத்தான் என்று மதிப்பெண் பிரிகிறது. மூன்று நன்மையும் ஒருங்கே அமைந்த கருவி இன்னும் மலையேறவில்லை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு கைப்பேசியை மதிப்பிடும்போது, கடையின் குளிர்ந்த அறையில் அது எப்படி மின்னுகிறது என்று மட்டும் பாராதீர்கள். உங்கள் பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். மழையில், வயலில், மலைச்சரிவில் சோதியுங்கள். அங்கே தேறுவதே சிறந்த கருவி.