பூட்டிய கதவில் தொடங்கும் ஹாஸ்யம்

நகரசபைப் பூங்கா இலாகாவின் தரித்திரத்தை வைத்து ஒரு ஹாஸ்யத் தொடர் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், பெங்களூர் கோல்ஸ் பார்க்கில் காலைவேளையில் உலாவுகிற பிரேசர் டவுன்வாசிகள் அதற்குக் கற்பனை எதற்கு என்றுதான் கேட்பார்கள். 1949-ல் கண்டோன்மென்ட் முனிசிபாலிட்டி நகர முனிசிபாலிட்டியோடு சேர்ந்து கார்ப்பரேஷனானதையும், 2020 செப்டம்பரோடு கவுன்சிலர்களின் காலம் முடிந்து அதிகாரிகளின் ராஜ்யம் தொடங்கியதையும் கண்ட பேட்டை இது. ஆனால் விஷயம் கிடைப்பது சுலபம், அதிலிருந்து ரஸம் எடுப்பது அபூர்வம்.

அந்த அபூர்வத்தைச் சாதித்த அமெரிக்கத் தொடரான ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷ’னின் மூன்றாம் பருவம் 2011 ஜனவரி 20-ல் ஆரம்பமாயிற்று. இண்டியானாவிலுள்ள பானீ என்ற கற்பனை ஊரில், கஜானா வறண்டு மூடிக்கிடந்த நகர அலுவலகம் மறுபடி திறக்கிறது. ஆனால் புதுக் காரியம் எதற்கும் காசில்லை. புலம்பலுக்கே உரிய இந்தக் கட்டத்தில் கதாசிரியர் நடத்துவதோ சிறுவர்களின் கூடைப்பந்தாட்டம். அரசாங்கமே அனாவசியம் என்ற சித்தாந்தமுடைய இலாகாத் தலைவர் ரான் ஸ்வான்சன், தம் வாழ்க்கைத் தத்துவங்களையெல்லாம் ஒரு பிரமிடாக வரைந்து அந்தப் பாலகர்களுக்கு உபதேசிக்கிறார். முகத்தில் ஒரு ரேகையும் அசையாமல் நிக் ஆஃபர்மன் அதைச் செய்கிற கம்பீரம் இருக்கிறதே, அதற்காகவே இந்த அங்கத்தை மீண்டும் பார்க்கலாம். இலாகாவின் துணைத் தலைவி லெஸ்லி தன் தோழியைத் தூதனுப்பும் கிளைக்கதை எனக்கு ருசிக்கவில்லை. இவற்றினும் நுட்பமானது, பணம் தர மறுக்கும் தணிக்கையாளர் பென் வயட்டை வில்லனாக்காத விவேகம்: பதினெட்டு வயதில் மேயராகி, பனி விளையாட்டுக்கென்று செலவழித்துச் சொந்த ஊரைத் திவாலாக்கியவர் அவர், ஆகவே அவரது சிக்கனம் லோபமன்று, பயம். அந்தப் பயத்தின் எதிரே ஏமி போலரின் லெஸ்லி, அறுவடைத் திருவிழா ஒன்று நடத்துகிறோம், தோற்றால் இலாகாவையே கலைத்துவிடுங்கள் என்று பந்தயம் வைக்கும்போது, சிரித்துக்கொண்டிருந்த நமக்கும் நெஞ்சு படபடக்கிறது.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் வந்த ‘பஞ்சாயத்’ இந்தித் தொடரும் பூட்டிய அலுவலகத்தில்தான் கணக்கைத் தொடங்குகிறது. இருபதாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு எஞ்சினியரிங் பட்டதாரி ஒருவன் கிராமப் பஞ்சாயத்துச் செயலாளராக வந்திறங்க, சாவியைக் காணோம். முதல் நாள் அதைத் தேடுவதிலேயே கழிகிறது. ‘மர்மதேசம்’ தந்த நாகா 2024-ல் இதைத் திருநெல்வேலிச் சீமைக்குப் பெயர்த்து ‘தலைவெட்டியான் பாளையம்’ ஆக்கினார். பஞ்சாயத்துத் தலைவர் பதவி மனைவி பேரிலும் அனுபோகம் கணவன் கையிலுமாக இருக்கிற விசித்திரத்தைத் தேவதர்ஷினியும் சேத்தனும் அத்தனை இயல்பாக நடிப்பது, நிஜத்திலும் தம்பதிகளாக இருப்பதாலோ என்னவோ, தெரியாது. லெஸ்லிக்கு எப்பாடுபட்டாவது இலாகா பிழைக்கவேண்டும். நம் செயலாளனுக்கோ அலுவலக அறையிலேயே படுத்து, ராத்திரி கண்விழித்துப் படித்து, பரீட்சையில் தேறி, எப்படியாவது அந்த ஊரைவிட்டுப் போகவேண்டும்.