முள்கம்பி சுற்றிய கை

1986இல் ஆலன் மூர் எழுதி கெவின் ஓ'நீல் வரைந்த ஒரு சிறிய கிரீன் லேன்டர்ன் கதை, அமெரிக்கக் காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் முத்திரைக்காகப் போனது. முத்திரை கிடைக்கவில்லை. எதை மாற்றித் தந்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று பதிப்பாளர் தரப்பில் கேட்டார்கள். மாற்றிப் பயனில்லை, இந்த ஓவியரின் பாணியே ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. ஒரு காட்சியையோ ஒரு வசனத்தையோ தடை செய்வது தணிக்கைக்காரர்களின் வழக்கம். ஒரு மனிதன் கோடு இழுக்கும் விதத்தையே தடை செய்தது அபூர்வம். டிசி நிறுவனம் முத்திரை இல்லாமலேயே அந்தக் கதையை வெளியிட்டது.

அடுத்த ஆண்டே அந்தக் கோட்டுக்கு ஏற்ற கதை அமைந்தது. பாட் மில்ஸ் எழுத, ஓ'நீல் வரைய, 1987இல் தொடங்கி ஆறு இதழ்களாக வந்த 'மார்ஷல் லா'வைத்தான் சொல்கிறேன். பெரியவர்களுக்கான இருண்ட சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்றதும் எல்லோரும் 'வாட்ச்மென்'னை முதலில் நீட்டுவார்கள். அதன் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் வாட்ச்மென் யோசித்து யோசித்துச் செதுக்கிய படைப்பு. பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள், அளந்து வைத்த சமச்சீர். படித்து முடிக்கும்போது மூளைதான் முதலில் வணங்குகிறது. மார்ஷல் லா கோபத்தில் பிறந்தது, அந்தக் கோபம் கடைசிவரை ஆறவே இல்லை. அங்கதத்தில் எனக்குப் பிடித்தது இந்தச் சூடுதான்.

கதை நடப்பது சான் ஃபியூச்சுரோ என்ற நகரத்தில். பெரும் நிலநடுக்கத்தில் அழிந்த சான் பிரான்சிஸ்கோவின் இடிபாடுகள் மேல் எழுந்த நகரம் அது. தென் அமெரிக்காவில் நடந்த ஒரு நீண்ட போருக்காக அரசு தன் இளைஞர்களின் மரபணுவை மாற்றி, சூப்பர் வீரர்களாக்கி அனுப்பியது. 'ஸோன்' என்று அவர்கள் அழைக்கும் அந்தப் போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலையும் இல்லை, நிம்மதியும் இல்லை. கையில் அபார வலிமையும் தலையில் கலக்கமுமாகக் கும்பல் சேர்ந்து தெருக்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களை அடக்க அரசு ஏவும் காவலன்தான் மார்ஷல் லா. இயற்பெயர் ஜோ கில்மோர். அவனும் அதே போரிலிருந்து வந்த சூப்பர் வீரன்தான். கறுப்புத் தோல் உடை, ஜிப் வைத்த முகமூடி, கையில் சுற்றிய முள்கம்பி. நாட்டின் தலையாய நாயகனாகக் கொண்டாடப்படும் 'பப்ளிக் ஸ்பிரிட்' மேல் அவனுக்குத் தீராத வெறுப்பு. நகரத்தில் பெண்களைக் கொன்றுவரும் ஸ்லீப்மேன் என்ற கொலைகாரனைத் தேடும்போது, அவன் சந்தேகம் அந்த நாயகன் மேலேயே விழுகிறது. கொலைகாரன் யார் என்பதைச் சொல்லிவிட்டால் புதிதாகப் படிப்பவருக்குச் செய்யும் துரோகமாகிவிடும்.

சூப்பர்மேன் என்ன ஆதர்சமோ அதுவேதான் பப்ளிக் ஸ்பிரிட்: அகன்ற தாடை, பொன்முடி, தேசபக்தி. ஓ'நீல் அவனை வரைந்திருப்பதைப் பாருங்கள். அழகாகத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் அந்தத் தசை ஒவ்வொன்றும் இன்னும் ஒரு சுற்று உப்பினால் வெடித்துவிடும் என்கிற இடத்தில் நிற்கிறது. பற்கள் சற்று அதிகம். சிரிப்பு சற்று நீளம். சாதாரண சூப்பர் ஹீரோ ஓவியர் உடலின் வளைவுகளை இழைத்து இழைத்து வழவழப்பாக்குவார். ஓ'நீல் அதே உடலைக் கூர்முனைகளாக உடைக்கிறார். முழங்கை, தாடை, தோள்பட்டை எல்லாம் அரிவாள் முனைபோல் நம் பக்கம் திரும்பியிருக்கும். தணிக்கைக்காரர்களை உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். வீரம் என்று நாம் ரசித்துப் பழகிய உடலுக்குள் எவ்வளவு வன்மம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்தக் கோடு ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

பின்னணிகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். சுவர்க் கிறுக்கல்கள், சுவரொட்டிகள், கடைப் பெயர்கள், சட்டையில் குத்திய பட்டன்கள், துப்பாக்கிக் குண்டின் மேல் எழுதிய வாசகங்கள் என்று ஒரு பக்கத்தில் கதைக்கு வெளியே இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் சிறுவர் நகைச்சுவைக் காமிக்ஸ்களிலும் அமெரிக்காவின் 'மேட்' இதழிலும் இருந்து வந்த மரபு இது. மூலைமுடுக்கெல்லாம் வேடிக்கை ஒளித்து வைத்து, குழந்தை திரும்பத் திரும்பப் பக்கத்தைத் தேடும்படி செய்கிற மரபு. ஹார்வி குர்ட்ஸ்மனும் வாலி வுட்டும் 1953இல் மேட் இதழில் 'சூப்பர்டூப்பர்மேன்' என்று ஒரு பகடி செய்தார்கள். இந்த வகைக்கெல்லாம் மூதாதை என்று அதைச் சொல்லலாம். அந்தச் சிறுபிள்ளை விளையாட்டை ஓ'நீல் கொலையும் போரும் நடக்கிற நகரத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். முதல் வாசிப்பில் வன்முறை கண்ணில் படும். சுவர்களைப் படிக்கத் தொடங்கும்போதுதான், இந்த நகரம் தன் நாயகர்களைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்பது தெரியவரும். மேடையில் ஒலிப்பது அரசின் குரல் என்றால் சுவரில் இருப்பது குடிமக்களின் குரல். வசனக் குமிழ்களை மட்டும் படித்துவிட்டுப் புரட்டுகிறவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? பாட் மில்ஸ் சூப்பர் ஹீரோக்களை வெறுப்பதாக வெளிப்படையாகவே சொல்லிவந்தவர். வெறும் வெறுப்பால் ஆறு இதழ்களை இவ்வளவு வலுவாக எழுத முடியாது. பதில் அவருடைய இன்னொரு படைப்பில் இருக்கிறது. 1979 முதல் 'பேட்டில்' வார இதழில் ஜோ கொல்குஹூனின் ஓவியத்துடன் அவர் எழுதிய 'சார்லிஸ் வார்' முதல் உலகப் போரின் கதை. வயதை மறைத்துப் பதினாறு வயதில் படையில் சேர்ந்த சார்லி போர்ன் என்ற லண்டன் தொழிலாளி வீட்டுப் பையன், சொம்மே பதுங்கு குழிகளில் சேற்றிலும் எலிகளிலும் உழல்கிறான். தளபதிகளின் மடத்தனத்தில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அவனுக்கு அபார சக்தி எதுவும் இல்லை, பெரிய அறிவும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவனை விட்டு ஓடமாட்டான், அவ்வளவுதான். மில்ஸ் எழுதிய பகுதி 1933இல் முடிகிறது: சார்லி வேலையில்லாமல் உதவித்தொகைக்கு நிற்கிற காலம், ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வருகிற காலம்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் மார்ஷல் லா வேறாகத் தெரியும். போருக்குப் போய் வந்து கைவிடப்பட்ட சார்லிகளின் கூட்டம்தான் சான் ஃபியூச்சுரோவின் தெருக்களில் திரிகிறது. ஜோ கில்மோர் படையில் சேர்ந்ததே பப்ளிக் ஸ்பிரிட்டைப் பார்த்து மயங்கித்தான். அவன் வெறுப்பின் அடியில் இருப்பது ஏமாந்த ஒரு ரசிகனின் ரணம். உடையில் மடிப்புக் கலையாமல், ஒரு கீறலும் படாமல் போரை வெல்கிற நாயகனின் படத்தைக் காட்டித்தான் பிள்ளைகளைப் போருக்கு இழுக்கிறார்கள். நிஜமாகவே போரில் நின்றவனுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. மில்ஸின் வழக்கு இதுதான். சூப்பர் ஹீரோவைத் திட்டுவது அவருக்குப் பதுங்கு குழியில் செத்த பையனுக்குச் செய்கிற மரியாதை.

நம் ஊர்ப் பழைய காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்த பிரிட்டிஷ் மனோபாவம் அந்நியமானதல்ல. முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962இல் அறிமுகமானபோது குற்றவாளியாகத்தான் வந்தார். லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் முதலில் குற்ற சாம்ராஜ்யம் நடத்தக் கிளம்பியவர்தான். சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல், 1960களில் பிரிட்டிஷ் பதிப்பாளருக்காக அந்த ஸ்பைடருக்குக் கதை எழுதினார். குறையே இல்லாத நாயகனை அந்தத் தீவின் காமிக்ஸ் மரபு முழுமனதாக நம்பியதே இல்லை. மில்ஸும் ஓ'நீலும் வேலை கற்றது அந்த அச்சகங்களின் நிழலில். மில்ஸ் 1977இல் '2000 ஏடி' இதழைத் தொடங்கிவைத்தவர். படைப்பாளிகளின் பெயரே போடாத அந்த நாட்களில், அந்த இதழின் ஓவியப் பிரிவிலிருந்த ஓ'நீல்தான் கதாசிரியர், ஓவியர் பெயர்களைப் பக்கத்தில் அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதிகாரத்தின் மேல் இருவருக்கும் இருந்த சினம் பேப்பரில் மட்டும் வாழவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜோவின் காதலி லின், சூப்பர் ஹீரோ வழிபாட்டைக் கூர்மையாக விமர்சிக்கும் மாணவி. கதையில் தெளிவாகச் சிந்திப்பவள் அவள்தான். அவளையும் பலியாக்கி, நாயகனின் பழிவாங்கலுக்குக் காரணமாக மட்டும் ஆக்கிவிடுகிறது கதை. ஆண் வன்முறையைத் தோலுரிக்க வந்த படைப்பு பெண்ணுக்குப் பிணமாக மட்டும் இடம் தருவது எனக்கு இன்றும் வலிக்கிறது. 1990களில் பின்ஹெட், சாவேஜ் டிராகன், மாஸ்க் ஆகிய பாத்திரங்களோடு மார்ஷல் லாவை மோதவிட்ட இதழ்களிலும் சாரமில்லை.

இடையில் வந்தவற்றில் இரண்டு முக்கியம். 1989இல் வந்த மன்ஹாட்டன் கதையில் மார்வெலின் பனிஷரை நகல் செய்த ஒருவன் வருகிறான். புகழ்பெற்ற மார்வெல் நாயகர்களின் சாயலில் ஒரு கூட்டமே மனநல விடுதியில் அடைந்துகிடக்கிறது. இதை வெளியிட்டது மார்வெலின் சொந்தக் கிளையான எபிக்! 1990இன் 'கிங்டம் ஆஃப் த பிளைன்ட்' அதைவிட ஆழமானது. பேட்மேனை நினைவூட்டும் பிரைவேட் ஐ என்ற கோடீஸ்வர நாயகன் ஒருவனைத்தான் மார்ஷல் லா மதிக்கிறான். அந்த மதிப்பு நொறுங்கும்போது வெளியே வருவது பணக்காரன் ஏழையைப் பார்க்கும் பார்வை. தொழிலாளி வர்க்கத்தின் கோபம் இவ்வளவு நேராக சூப்பர் ஹீரோ காமிக்ஸில் வேறெங்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தொலைக்காட்சித் தொடரால் உலகமறிந்த 'த பாய்ஸ்' இந்த வம்சத்தில் வந்ததுதான். வட அயர்லாந்துக்காரரான கார்த் என்னிஸும் டாரிக் ராபர்ட்சனும் 2006இல் டிசியின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவில் தொடங்கினார்கள். ஆறு இதழ்களோடு அங்கே நிறுத்தப்பட்டு, டைனமைட் நிறுவனத்துக்குப் போய் 2012இல் 72ஆவது இதழில் முடிந்தது. அதன் கூச்சலும் ஆபாசமும் பல இடங்களில் என்னைச் சோர்வடைய வைக்கின்றன. ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஆர்டென்ஸ் காட்டுக்கு விளம்பரத்துக்காக அனுப்பப்பட்ட சூப்பர் ஹீரோக்களின் அசட்டுத்தனத்தால் சாதாரணச் சிப்பாய்கள் சாகிற அத்தியாயத்தில் என்னிஸின் குரல் முற்றிலும் மாறிவிடுகிறது. அங்கே வேடிக்கை இல்லை. என்னிஸ் பேட்டில் இதழின் போர்க் கதைகளைப் படித்து வளர்ந்தவர். பின்னாளில் அந்தப் பெயருக்கு மறுவாழ்வு தர உழைத்தவரும் அவரே. மில்ஸிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்த சொத்து ரத்தக்களரி அல்ல, சிப்பாயின் மேல் வைத்த பாசம்.

ஓ'நீல் 2022 நவம்பரில் காலமானார். மார்ஷல் லாவைப் புதிதாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு 2013இல் டிசி வெளியிட்ட பெருந்தொகுப்பு போதும். பிற பாத்திரங்களோடு மோதும் இதழ்கள் அதில் இல்லை, நஷ்டமும் இல்லை. முதல் ஆறு இதழ்களை ஒருமுறை கதைக்காகப் படியுங்கள். பிறகு பிரைவேட் ஐ கதைக்குப் போகும் முன், மறுபடி முதலிலிருந்து சுவர்களை மட்டும் படியுங்கள்.