இன்னார் என்றோர் எண்

23456. பள்ளிக்கூடப் பிள்ளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் எழுந்து விளையாட ஓடிவிட்டதுபோல இருக்கிறது. பழைய ரவுட்டர் ஒன்றின் திரையில் இந்த எண்ணை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ சோதனைக்காகத் தட்டிப் பார்த்துவிட்டு அழிக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அது யாருக்கும் சொந்தமில்லாத எண். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றே தனியாக எடுத்துவைத்த எண். நாம் பேச்சில் ‘இன்னார்’ என்கிறோமே, அந்தச் சொல்லின் வேலையை எண்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்ப்பது.

எங்கே, எதற்காக என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையம் ஒருவருக்குச் சொந்தமான வலை அல்ல. தொலைபேசி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள் என்று பல்லாயிரம் பேர் தனித்தனியே வைத்து நடத்தும் வலைகள். ஒவ்வொன்றுக்கும் ஏ.எஸ். எண் என்று ஓர் எண் உண்டு. இவை ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் மொழிதான் பி.ஜி.பி. 1989 ஜனவரியில், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில், சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐ.பி.எம்.மின் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் காகிதத்தில் இதைக் கிறுக்கிய கதையை நிறையப் பேர் சொல்லியாகிவிட்டது. எனக்கு அந்தக் காகிதத்தைவிடப் பின்னால் வந்த ஏடுகளில்தான் ருசி.

பேச்சு நடக்கும் விதம் எளிது. ‘இந்த முகவரிகளுக்குப் போக என் வழியாக வரலாம்’ என்று ஒரு வலை பக்கத்து வலையிடம் சொல்கிறது. சொல்லும்போது தன் எண்ணைச் சேர்த்துச் சொல்கிறது. கேட்டவர் அடுத்தவரிடம் சொல்லும்போது, தன் எண்ணை அதற்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறார். இப்படியே எண்களின் வரிசை நீள்கிறது. வரும் வரிசையில் தன் எண்ணே இருந்தால், ஊரைச் சுற்றி நம்மிடமே வந்த சேதி என்று தள்ளிவிடலாம். மற்றதெல்லாம் சமம் என்றால், எந்த வரிசை குட்டையோ அந்த வழியைப் பிடிக்கலாம்.

ஏ.எஸ். எண்ணுக்கு முதலில் 16 பிட் இடம்தான் விட்டிருந்தார்கள். மொத்தமே 65,536 எண்கள். அது தீர்ந்துபோகும் என்று தெரிந்ததும் 32 பிட்டாக, அதாவது சுமார் 429 கோடியாக, விரிக்கத் தீர்மானித்தார்கள். தீர்மானிப்பது சுலபம். உலகம் முழுக்க நிற்கும் ரவுட்டர்களை யார் போய் மாற்றுவது? அமெரிக்க ராணுவத்தின் ஆர்பாநெட் காலத்தில், 1983 ஜனவரி 1 முதல் எல்லாரும் புது நெறிமுறைக்கு மாறவேண்டும் என்று உத்தரவு போட முடிந்தது. அங்கே முதலாளி ஒருவர். இங்கே ‘நாளைக்கு மாறு’ என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. புதியவரும் பழையவரும் கலந்து நிற்பார்கள், பழையவருக்குப் பெரிய எண் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனாலும் சேதி போய்ச் சேரவேண்டும்.

இந்த இடத்தில் 1990க்குப் போகவேண்டும். பி.ஜி.பி.யின் இரண்டாம் பதிப்பு அந்த ஆண்டு வந்தது. வழியோடு சேர்த்து அனுப்பும் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் எட்டு பிட் கொண்ட ஒரு சிறு கொடியை அதில் வைத்தார்கள். முதல் பிட், இது எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டிய குறிப்பா, தெரியாவிட்டாலும் பரவாயில்லையா என்று சொல்லும். இரண்டாவது, உனக்குப் புரியாவிட்டால் கீழே போட்டுவிடாதே, அப்படியே அடுத்தவரிடம் கொடு என்று சொல்லும். மூன்றாவது பிட்டிடம்தான் நான் மயங்கிப்போகிறேன். புரியாமல் கடத்துகிறவர் அதை 1 ஆக்கிவிட வேண்டும். ‘நான் இதைப் படிக்கவில்லை, வாங்கிக் கொடுத்ததோடு சரி’ என்று ஒரு கைநாட்டு. ஒருமுறை 1 ஆனதைப் பின்னால் வருகிற எவரும், அந்தக் குறிப்பைக் கரைத்துக் குடித்தவராகவே இருந்தாலும், திரும்ப 0 ஆக்கக் கூடாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஒரு பிட்டை ஒதுக்கியதே பெரிய மனசு. அந்த ஒப்புதலை யாரும் அழிக்கக் கூடாது என்றது அதற்கும் மேல்.

பதினேழு வருஷம் கழித்து, 2007ல், குவைசார் வோராவும் எங்கே சென்னும் எழுதிய ஆர்.எஃப்.சி. 4893 என்ற விதியேடு இந்தக் கொடியைக் கையில் எடுத்தது. கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 65550, 65540 இரண்டும் புதியவை. அவற்றுக்கு அடுத்து நிற்கும் 64500, 64501 பழையவை. (இவையெல்லாம் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள், யார் வீட்டு விலாசமும் அல்ல.) 65550 கிளப்பிய வழியை 65540 தன் பழைய அண்டைவீட்டாரிடம் சொல்லும்போது இரண்டு தாள் கொடுக்கிறது. திறந்த தாளில் ‘23456 23456’: இன்னார், இன்னார். ஒட்டிய உறைக்குள் உண்மையான பெயர்கள்: ‘65540 65550’. 64500க்கு உறை புரியாது. திறந்த தாளில் தன் எண்ணை முன்னால் எழுதி, உறைமீது கைநாட்டு வைத்து அப்படியே தள்ளிவிடுகிறது. 64501ம் அதையேதான் செய்கிறது. கடைசியில் 65545 என்ற புதியவர் கைக்கு வரும்போது திறந்த தாளில் இருப்பது ‘64501 64500 23456 23456’. உறைக்குள் ‘65540 65550’.

இனி இரண்டாங்கிளாஸ் கழித்தல் கணக்கு. நான்கில் இரண்டு போனால் இரண்டு. திறந்த தாளின் தலைப்பக்கத்திலிருந்து அந்த இரண்டை எடுத்து உறைத்தாளுக்கு முன்னால் ஒட்டினால், ‘64501 64500 65540 65550’. முழு வழி, ஒரு பெயர்கூட விடுபடாமல்! நடுவில் நின்ற இருவருக்கும் தாங்கள் என்ன சுமந்தோம் என்பது கடைசிவரை தெரியாது. உறைக்குள் திறந்த தாளைவிட அதிகம் பேர் இருந்தால்? நடுவில் ஏதோ பிசகு. உறையை விட்டுவிட்டுத் திறந்த தாளை மட்டும் நம்பு என்று அதற்கும் விதி எழுதிவைத்திருக்கிறார்கள்.

பெரிய எண்களைத் திறந்த தாளிலிருந்து எடுத்துவிட்டாலே போதுமே, எதற்கு 23456 என்று கேட்கலாம். எடுத்துவிட்டால் வரிசை குட்டையாகிவிடும். பழையவர் அதைக் குறுக்குவழி என்று நம்பி ஏமாந்துபோவார். பெயரை மறைத்தார்கள், தலைக்கணக்கை மறைக்கவில்லை. எனக்கு இதுதான் ஏட்டின் ஆகச்சிறந்த இடம்.

குறை இல்லாமலா? 2010 ஆகஸ்ட் 27 அன்று, ஐரோப்பாவின் எண் பதிவகமான ரைப் என்.சி.சி.யும் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், விதிப்படி சரியாக எழுதிய, ஆனால் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு குறிப்பைச் சோதனையாக அனுப்பினார்கள். ஒரு வகை ரவுட்டர்கள் அதை அப்படியே கடத்தாமல் சிதைத்துக் கடத்தின. வாங்கிய அண்டைவீடுகள், பிழையான சேதி வந்தால் பேச்சையே முறித்துக்கொள் என்ற அன்றைய விதிப்படி தொடர்பைத் துண்டித்தன. ஒரு கடிதம் கிழிந்து வந்ததற்காக, அந்த வீட்டிலிருந்து அதுவரை வந்த அத்தனை கடிதத்தையும் கொளுத்துவதுபோல. அரைமணிக்குள் சோதனையை நிறுத்திவிட்டார்கள். 2015ல் வந்த ஆர்.எஃப்.சி. 7606 விதியைத் தணித்தது: பெரும்பாலான பிழைகளுக்கு, அந்தச் சேதி சொன்ன வழியை மட்டும் இல்லையென்று வைத்துக்கொள், பேச்சைத் தொடர். எழுதியவர்களில் முதல் பெயர் எங்கே சென். உறைக்குள் பெயர்களை வைத்து அனுப்பியவர்தான், உறை கிழிந்து வந்தால் என்ன செய்வது என்பதையும் வந்து எழுதியிருக்கிறார்.

23456ஐ இப்போது பார்ப்பது அரிது. பழைய ரவுட்டர்கள் ஒவ்வொன்றாய் ஓய்வுபெற்றுவிட்டன. கொடி மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் எட்டு பிட்டில் நான்காவது, குறிப்பின் நீளத்தை எழுத எவ்வளவு இடம் என்று சொல்லப் பயன்படுகிறது. மிச்சம் நான்கும் 1990லிருந்து காலி. அனுப்பும்போது பூஜ்யமாக வை, வந்ததில் என்ன இருந்தாலும் கண்டுகொள்ளாதே என்பதுதான் அவற்றுக்கு விதி.