ஜரிகைக்குள் சிவப்பு

காஞ்சிபுரம் பட்டென்றால் கண் முதலில் ஜரிகைக்குத்தான் போகும். ஆனால் அது முழுத் தங்கமில்லை. நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல். அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி. மேலே மெல்லிய தங்க முலாம். மினுக்குவது முலாம். கனம் தருவது வெள்ளி. கிழிந்த பழம்புடவைக்கும் வியாபாரிகள் விலை கொடுப்பது அந்த வெள்ளிக்காகத்தான். எனக்கு உயர்வாகப் படுவது உள்ளே கிடக்கும் அந்த நூல். கம்பி ஒடியாமல் மடிவதும் விரிவதும் அதனால்தான்.

செம்புக் கம்பியில் செய்த ஜரிகையும் கடை விளக்கில் இதேபோல் ஜொலிக்கும், நாளடைவில் கறுத்துவிடும். இழையைச் சுரண்டிச் சிவப்புத் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது எவருக்கும் எளிது. அந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். கல்யாணப் புடவை எடுக்கும்போது வெள்ளி, தங்கத்தின் அளவை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.