பேயின் வழக்கு: நீலி, யட்சி, நாகவல்லி புனைவுகளைக் கேரள எல்லைப்புறத்திலிருந்து வாசித்தல்

பொய்யழுகையை ‘நீலிக்கண்ணீர்’ என்று சுட்டுவது தமிழில் நெடுங்கால வழக்கு. இத்தொடரைக் கையாளுவோருள் பெரும்பாலோர் இதன் பின்னே ஒரு கொலை இருப்பதை நினைப்பதில்லை. பழையனூர் நீலி கதை பல வடிவங்களில் வழங்குகிறது. ஊரும் பெயரும் சாதியும் வடிவத்துக்கு வடிவம் மாறினும் கதையின் அடிக்கட்டு மாறுவதில்லை. முற்பிறப்பில் கணவனால் காட்டில் வைத்துக் கொல்லப்பட்டவள், மறுபிறப்பில் அவனைத் தொடர்ந்து வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கூடிய அவையில், ‘இவன் என் கணவன்’ என்று முறையிடுகிறாள். அவனோ, ‘இவள் பெண் அல்லள், பேய்’ என்கிறான். அவை அவள் சொல்லை ஏற்று, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்களித்து, இருவரையும் ஓரறையில் தங்க வைக்கிறது. விடியலில் அவன் இறந்து கிடக்கிறான். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்வைக் குறிப்பிடுவதால் இக்கதையின் தொன்மை விளங்கும்.

இவ்வழக்கில் இருதரப்பும் மெய்யே உரைக்கின்றன என்பது கருதத்தக்கது. அவள் பேய்தான், அவன் அவள் கணவன்தான். ஆயினும் மொழி அவனுடைய மெய்யை மட்டும் கைக்கொண்டது. கொலையுண்டவளின் அழுகை பொய்யழுகைக்குப் பெயராயிற்று. கொன்றவன் பெயரால் தமிழில் மரபுத்தொடர் ஏதும் இல்லை.

மேலைத் திறனாய்வாளர் ‘கோதிக்’ என்று வகைப்படுத்தும் அச்சப் புனைவில் பெண் பெறும் இடத்தை, அதாவது பேயின் வழக்கை யார் விசாரிக்கின்றனர், தீர்ப்பின் விலையை யார் தருகின்றனர் என்னும் வினாக்களை, மேற்கண்ட கதையை உரைகல்லாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ரான்டோ கோட்டை’ (1764) தொடங்கி மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818), பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) வரை நீளும் அவ்வகையின் உறுப்புகள் நாமறிந்தவையே: பூட்டிய அறை, பழைய மாளிகை, முன்னோர் செய்த குற்றம், அடைபட்ட பெண். 1979இல் சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் ‘ஜேன் அயர்’ நாவலின் பூட்டிய அறைப் பைத்தியக்காரியை முன்னிறுத்தி எழுதிய நூல், அடைபட்ட பெண்ணே அப்புனைவின் மையம் என்பதை உணர்த்தியது. எனினும் அவர்தம் கருவிகளை அப்படியே எடுத்துவந்து நம் நூல்களின்மேல் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் பேய் மச்சறையில் அடைந்து கிடப்பதில்லை. அவைக்கு வந்து வழக்குரைக்கிறது.

இவ்வாய்வுக்குரிய களம் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறம் ஆகும். சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், மறையூர், பீர்மேடு முதலிய பகுதிகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் இருமொழிகளிலும் கதை கேட்டு வளர்பவர்கள். கோட்டயம் புஷ்பநாத்தின் மாந்திரிக நாவல்கள் மலையாளத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பிலும் வெளிவந்தவை. இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மக்கதைகளோடு அவற்றையும் ஒருங்கே வாசித்தவர்களை இங்குக் காணலாம். இத்தகைய வெகுசன நூல்களை நம் தமிழ்த்துறைகள் ஆய்வுப்பொருளாக ஏற்கத் தயங்குகின்றன. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ பாடத்திட்டத்தில் இடம்பெறுவது அது பேய்க்கதை என்பதனால் அன்று. அதனைப் புதுமைப்பித்தன் எழுதினார் என்பதனாலேயே ஆகும்.

எல்லைப்புறத்தின் தலையாய அச்சப் புனைவு ‘யட்சி’ (1967). இதன் ஆசிரியர் மலையாற்றூர் இராமகிருஷ்ணன் 1927இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ் அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர். தம் குலத்தின் வாழ்வை ‘வேர்கள்’ என்னும் மலையாள நாவலில் எழுதியவர், அடுத்து யட்சியை நாடினார். நாவலின் நாயகன் சீனிவாசன் ஒரு வேதியியல் விரிவுரையாளன். ஆய்வகத்தில் அமிலம் தெறித்து அவன் முகம் சிதைகிறது. முன்பு அவனை விரும்பியவர்கள் விலகுகின்றனர். அந்நிலையில் ராகிணி என்னும் பேரழகி அவன் வாழ்வில் நுழைகிறாள். அவன் முகத்தைக் கண்டு அருவருக்காமல் அவனை மணக்கிறாள். அவனுள் ஐயம் முளைக்கிறது. யட்சிகளைப் பற்றிய நூல்களைத் தேடித்தேடிப் படிக்கிறான். ஐயம் கொலையில் முடிகிறது.

இந்நாவலின் அச்சம் யட்சியில் இல்லை, சீனிவாசனின் தருக்கத்தில் உள்ளது என்பது என் கருத்து. சிதைந்த முகத்தை உடையவன் அவன். மானிடத் தன்மை ஐயத்துக்குள்ளாவதோ அவளுடையது. தன்னை ஒருத்தி விரும்புவதற்கு மானிடக் காரணம் இருக்க இயலாது என்று அவன் உறுதி கொள்கிறான்; ஆகவே அவள் மானிடப்பெண் அல்லள் என்று முடிவு செய்கிறான். சான்றுகளைக் கொண்டு முடிவு காணும் அறிவியல் பயிற்சி பெற்றவன் அதே முறையை மனைவியின்மேல் செலுத்துகிறான். அவளுடைய ஒவ்வோர் அன்புச் செயலும் சான்றாகிறது. அன்பு மிகுந்தோறும் வழக்கு வலுப்பெறுகிறது. நீலிக்கு ஓர் அவையேனும் இருந்தது. ராகிணிக்கு அதுவும் இல்லை. குற்றம் சாட்டுபவனும் நீதிபதியும் தண்டிப்பவனும் ஒருவனே. கதை அவன் பார்வையின் வழியே நகர்வதால் வாசகரும் நெடுநேரம் அவன் தரப்பிலேயே அமர்ந்திருக்க நேர்கிறது. நாவலின் ஆற்றலும் அதன் குறையும் இதுவே. அவள் யார் என்பதை அறிய நமக்கு வேறொரு சாளரத்தை ஆசிரியர் திறக்கவில்லை. 1968இல் இதனைத் திரைப்படமாக்கிய கே.எஸ். சேதுமாதவனும் பாலக்காட்டில் பிறந்தவரே என்பதும், பின்னர்த் தமிழில் ‘மறுபக்கம்’ (1991) எடுத்தவர் என்பதும் இங்கு இடைப்பிறவரலாகக் குறிக்கத்தக்கன.

ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ (1969) பாலக்காட்டுத் தஸ்ராக்கைக் களமாகக் கொண்டது. யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்துள்ளது. அதில் வரும் புளியமரத்துத் தெய்வம் நோக்கத்தக்கது. மரம் ஏறுபவனின் மனைவி கற்புடையவள் எனில் அவன் நலமாக இறங்குவான். அன்றெனில் வழுக்கி விழுவான் என்பது ஊர் நம்பிக்கை. ‘செம்மீன்’ நாவலின் கடலம்மைக்கும் இப்புளியமரத்துக்கும் நீதி ஒன்றே: ஆணின் உயிருக்குப் பெண்ணின் உடல் பிணை. நீலி கதையில் பிணை நின்றவர்கள் ஆடவர் எழுபதின்மர் என்பதை இங்கு ஒப்புநோக்க வேண்டும். பாலக்காட்டுப் பகுதியின் ஒடியன் கதைகள் இன்னும் ஒருபடி செல்கின்றன. உருமாறும் ஒடியனின் மருந்துக்குக் கருவுற்ற பெண்ணின் சிசு வேண்டும் என்பது மரபு. 2018இல் வெளிவந்த ‘ஒடியன்’ திரைப்படம் அவனை வீரநாயகனாக்கியது. அக்கதைகளில் பெயரின்றி வரும் கருவுற்ற பெண்களைப் பற்றிய புனைவு ஒன்றையும் நான் கண்டதில்லை.

வகுப்பில் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) பற்றிப் பேசிய நாளொன்றில் மாணவி ஒருத்தி, ‘பேய்க்கு மட்டும் ஏன் தமிழ்?’ என்று வினவினாள். இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்கியது. ஃபாசில் இயக்கி, மது முட்டம் எழுதிய அப்படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனப்பெண். மாடம்பள்ளித் தறவாட்டின் தலைவன் சங்கரன் தம்பி அவளைச் சிறைவைத்துக் கொல்கிறான். தலைமுறைகளுக்குப் பின் அவ்வீட்டுக்கு வரும் மருமகள் கங்கை நாகவல்லியாக மாறுந்தோறும் தமிழில் பேசுகிறாள். இப்படத்தின் வழிவந்த படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தமிழ்ச் ‘சந்திரமுகி’யில் (2005) பேய் தெலுங்கில் பாடுகிறது. இந்தி ‘பூல் புலையா’வில் (2007) அவள் வங்காளத்தவள். ஒவ்வொரு மொழியும் தன் பேயை அயல்மொழியிலிருந்து அழைத்துக்கொள்கிறது. தன் வீட்டுப் பெண்ணின் சினத்தைத் தன் மொழியில் கேட்க எந்த மொழிக்கும் துணிவில்லை.

இதனைத் தமிழுக்கு நேர்ந்த இழிவு என்று கொள்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கங்கையின் மலையாளம் அடங்கிய மனைவியின் மொழி. கணவன் வேலையில் மூழ்கியிருக்கும்போதும் குறைகூறாத மொழி. தமிழில்தான் அவளுக்குக் காதல் வருகிறது, சினம் வருகிறது, ‘கொல்வேன்’ என்னும் சொல் வருகிறது. சிறையும் விடுதலையும் ஒரே மொழிக்குள் இருக்கின்றன. இருமொழியில் வாழும் எல்லைப்புற மாணவிக்கு இது கோட்பாடு அன்று, அன்றாட அனுபவம். மற்றொரு செய்தியும் உண்டு. கங்கைக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்னும் வேறொரு கலைஞர் என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே பொதுவில் வெளிப்பட்டது. பேயின் குரலுக்கு உரியவருக்கும் நெடுங்காலம் பெயரில்லாமல் போயிற்று.

படத்தின் முடிவை நீலி கதையோடு வைத்துப் பார்க்கலாம். இங்கும் ஓர் அவை உண்டு: உளநோய் மருத்துவர், தந்திரி, கணவன். மூவரும் கூடி நாகவல்லிக்கு ஒரு பழிவாங்கலை நாடகமாக நடத்திக் காட்டுகின்றனர். அவள் வெட்டுவது பொம்மையை. கங்கை நலம்பெறுகிறாள், தறவாடு நிமிர்ந்து நிற்கிறது. பழையனூர் அவை தன் தீர்ப்புக்கு எழுபது உயிர்களை விலையாகத் தந்தது. மாடம்பள்ளி அவைக்கு ஒரு பொம்மையே செலவு. ஆன் ராட்கிளிஃப் தம் நாவல்களின் இறுதியில் அமானுடத்துக்கு இயற்கை விளக்கம் தருவார்; அவ்விளக்கம் அவருடைய நாயகியின் அச்சத்தைத் தணிக்கும். நம் புனைவுகளில் விளக்கம் வீட்டின் குற்றத்தைத் தணிக்கிறது. சங்கரன் தம்பி செய்த கொலை, கங்கைக்கு வந்த நோயாக மாறிவிடுகிறது. நோய் தீர்ந்ததும் கொலையும் தீர்ந்ததாகிறது.

மரபில் வேறு வழிகளும் இருந்தன. சமண நூலான ‘நீலகேசி’ பழையனூர்ப் பேயையே காப்பியத் தலைவியாக்கியது. முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்தவள் அவரிடம் அறம் கேட்டு, பின்னர் ஊர்தோறும் சென்று பௌத்தர் முதலிய பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்கிறாள். அவையில் முறையிட்டவள் அவையை நடத்துபவளாகிறாள். சமயப் பரப்புரை நூல் என்று இதனை ஒதுக்குவோர், பேயைத் தருக்கம் பேசவைத்த துணிவு பிற்காலப் புனைவுகள் எவற்றிலும் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் ஒரு யட்சியின் தலையில் ஆணி அறைந்து அவளைப் பணிப்பெண்ணாக்கி அழைத்துச் செல்கிறார். அவள் தலையை வாரிவிடும் பெண்ணொருத்தி ஆணியைக் கண்டு பிடுங்கிவிட, யட்சி மறைந்துவிடுகிறாள். அப்பெண் அறியாமல் செய்தாள் என்பதே வழக்கமான வாசிப்பு. பிறிதொரு பெண்ணின் தலையில் ஆணியைக் கண்டவள் அதனைப் பிடுங்குவதற்கு வேறு அறிவு வேண்டுமா என்பது என் ஐயம்.

2025இல் வெளிவந்த ‘லோகா’ மலையாளத் திரைப்படம் கள்ளியங்காட்டு நீலியை மீநாயகியாக்கியது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டின் பேய் பெங்களூரில் தீயோரைத் தண்டிக்கிறாள். இங்கு அவள் கணவனால் கொல்லப்பட்டவள் அல்லள். அரசனின் வன்முறைக்கு உறவினரை இழந்த பழங்குடிச் சிறுமி. சாதியக் கொடுமை கதைக்குள் வந்தது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் ஆணி அறைந்த கத்தனார் இங்கு நல்வழி காட்டும் ஆசானாகிவிட்டார். அவள் வலிமையைச் செலுத்தும் திசையை அவரே வகுக்கிறார். நீலகேசியோ முனிவரிடம் கற்றதைத் தன் நாவால் சென்று பேசினாள். இந்நீலிக்கு வாதம் இல்லை, போர் மட்டுமே.

இடுக்கிப் பகுதியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மூணாறு கிறிஸ்து தேவாலயத்துக்கு மேலுள்ள குன்றின் கல்லறைத் தோட்டம் 1894 டிசம்பரில் காலராவால் இறந்த எலினர் இசபெல் மே என்னும் இளம் ஆங்கிலப் பெண்ணின் அடக்கத்தோடு தொடங்கியது. தேவாலயம் அதன்பின் 1910-11இல் எழுந்தது. மணமாகி வந்த சின்னாட்களில் இறந்த அவளைச் சுற்றி வழங்கும் காதற்கதை சுற்றுலா நூல்கள்வரை பரவியுள்ளது. மூடுபனி, மலை, இளமணமகளின் கல்லறை என்று கோதிக் புனைவுக்கு வேண்டிய யாவும் அங்கு உண்டு. அதே மலைகளில் கொழுந்து பறிக்கத் தமிழகத்திலிருந்து சென்று, மலேரியாவிலும் பிள்ளைப்பேற்றிலும் இறந்த பெண்கள் எந்த வெகுசன நாவலிலும் ஆவியாகத் திரும்பி வரவில்லை. பேயாவதற்கும் ஒரு மாளிகை, ஒரு பெயர், ஒரு கல் வேண்டியிருக்கிறது. எட்டடி லயத்து வீட்டில் பூட்டிவைக்க அறை ஏது? 2015 செப்டம்பரில் அப்பெண்களின் வழிவந்தோர் ‘பெண்கள் ஒற்றுமை’ என்னும் பெயரில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி, தம் ஊக்கத்தொகை வழக்கைத் தாமே மூணாற்றுச் சாலையில் அமர்ந்து உரைத்தனர். அவர்கள் முழக்கமிட்டது தமிழில்.