கையெழுத்தும் சிரிப்பும்

நடிகர்களிடம் கையெழுத்திட்ட படம் வாங்கிச் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிய பழக்கம் அல்ல. சென்னைக்கு ஒரு கடிதம், அதோடு விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டிய ஓர் உறை. அதிர்ஷ்டம் இருந்தால் சில வாரங்களில் படம் வந்துவிடும். கதாநாயகர்களின் படங்களைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. அழகான முகம் அசையாமல் இருந்தாலும் அழகுதான். ஹாஸ்ய நடிகர்களின் படங்களைப் பற்றித்தான் எனக்கு விவகாரம்.

கோடைக்கானலில் ஒரு நண்பர், டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர்களில் நடித்தவர்களின் படங்களாகவே சேர்த்து வருகிறார். அவருக்கு இந்தப் பித்துப் பிடித்ததில் மலைக்கும் பங்கு உண்டு. 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியபோது தென் ஜில்லாக்காரர்களுக்கு அது வெறும் செய்திதான். பின்னால் கோடைக்கானல் உச்சியில் எழுந்த தூர்தர்ஷன் கோபுரம்தான் சமவெளி வீடுகளுக்குப் படத்தை இறக்கிக் கொடுத்தது. பழனி மலை வழியே இறங்கிய சிரிப்புக்கு மலைவாசி ஒருவர் கணக்கு வைத்திருப்பது பொருத்தமே.

ஆனால் அவருடைய ஆல்பத்தைப் புரட்டினால் சிரிப்பு வருவதில்லை. கோட்டு, படிய வாரிய தலை, அளவான புன்னகை! பாங்கு ஏஜெண்டுகளின் ஆண்டு விழாப் படம் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

நண்பருக்கோ வேறு கவலை. கையெழுத்து நிஜமா, ரப்பர் ஸ்டாம்பா, காரியதரிசி போட்டதா என்று பூதக்கண்ணாடியும் கையுமாக இருக்கிறார். கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஹாலிவுட்டில் ஜீன் ஹார்லோ என்ற நட்சத்திரத்தின் பெயரைப் பல படங்களில் அவருடைய தாயாரே எழுதி அனுப்பினார். இருந்தாலும், மை நிஜமாக இருந்துவிட்டால் மட்டும் படம் நிஜமாகிவிடுமா?

எல்லோரும் அறிந்த ஓர் உதாரணத்தைச் சினிமாவிலிருந்து எடுத்துக்கொள்வோம். பழனிக்குப் பக்கத்தில் உள்ள தாராபுரத்தில் வளர்ந்தவர் நாகேஷ். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாகத் தனியே நின்று புலம்புவாரே, நினைவிருக்கிறதா? முதுகு வளைவதும், கை பதறுவதும், குரல் ஏறி இறங்குவதும் சேர்ந்துதான் தருமி. அவற்றைக் கழித்துவிட்டு முகத்தை மட்டும் ஒரு காகிதத்தில் நிறுத்தினால் மிஞ்சுவது யார்? ஹாஸ்ய நடிகனின் கலை அவன் அசைவிலும் நேரம் அறிந்து பேசுவதிலும் இருக்கிறது. புகைப்படக்காரர் முதலில் சொல்வதோ, "அசையாதீர்கள்!"

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை மூன்று காமிராக்களை வைத்துச் சினிமாப் பிலிமில் எடுத்தார்கள். அதனால் லூசில் பாலின் சேஷ்டைகளை இன்றைக்கும் பார்க்கிறோம். இங்கிலாந்தில் பி.பி.சி.யார், விலை உயர்ந்த டேப்பை வீணாக்கக் கூடாது என்று பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதிலேயே புதியவற்றைப் பதித்தார்கள். 'டாட்ஸ் ஆர்மி' என்ற பிரசித்தமான தொடரில் 1969-ஆம் வருஷத்துப் பகுதிகள் மூன்று இன்றுவரை அகப்படவில்லை. அதில் நடித்தவர்கள் கையெழுத்திட்ட படங்களோ ஏலத்தில் விலை போகின்றன. முகத்தைக் காப்பாற்றிவிட்டுச் சிரிப்பைத் தொலைத்த கதை இது.

நண்பரின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். பகலெல்லாம் உழைத்து அலுத்து வந்தவனை அரைமணி நேரம் சிரிக்க வைத்தவருக்கு ஒரு கடிதம் எழுதி, "உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது நன்றிதான். ஆனால் நன்றி எதற்கு என்பதும் அந்தப் படத்தில் இருக்க வேண்டாமா?

சேகரிப்பவர்களுக்கு ஒரு யோசனை. கோட்டுப் போட்ட படத்தைக் கேட்காதீர்கள். வேஷத்தில் இருக்கும் படத்தைக் கேளுங்கள். வந்ததும் பின்புறத்தில் நீங்களே பென்சிலால் எழுதுங்கள்: எந்தத் தொடர், எந்தக் கட்டம், வீட்டில் யார் யார் சிரித்தார்கள் என்று. முன்பக்கத்துக் கையெழுத்து யாருடையது என்று நிபுணர்கள் சண்டை போடட்டும். பின்பக்கத்துக் கையெழுத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது.