எந்திரம் வந்தது, எண்ணம்?

அண்மையில் ஆரணியில் நடைபெற்ற கூட்டமொன்றில் படித்த பெருமகனார் ஒருவர் ஒரு மணி நேரம் முழங்கினார். ஐரோப்பியர் 'அறிவொளிக் காலம்' என்று பெயரிட்டுப் பெருமை பேசும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனை நமக்குத் தேவையில்லையாம். அது வெள்ளையன் விட்டுச்சென்ற பழஞ்சரக்காம். அவனிடமிருந்து கருவிகளை வாங்கிக்கொண்டு, கருத்துகளை மட்டும் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். கைதட்டல் பலமாகவே இருந்தது. ஒலிபெருக்கியும் பழுதின்றி வேலை செய்தது.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் தறியோசை. பேச்சாளர் மறுத்துவிட்டுப் போன பதினெட்டாம் நூற்றாண்டு அந்தத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருப்பதை அவர் அறிவாரா என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம். ஆம், தோழர்களே! ஜக்கார்டு பெட்டியைத்தான் சொல்கிறோம்.

துளையிட்ட அட்டைகள் கோத்த மாலை ஒன்று பெட்டியில் சுழல்கிறது. துளையுள்ள இடத்தில் கொக்கி பாவிழையைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கிறது. அன்னமும் மாங்காயும் அப்படித்தான் சேலையில் பூக்கின்றன. இதன் மூலத்தை அமைத்தவர் வோகான்சன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1740களில், பட்டுத் தொழிலின் அரசாங்க மேற்பார்வையாளராக இருந்த காலத்தில், தானே இயங்கும் தறி ஒன்றை அவர் உருவாக்கினார். அதை ஆராய்ந்து, 1804 அளவில் நடைமுறைக்கு ஏற்ற பொறியாக்கியவர் லியோன் நகரத்து நெசவாளர் மகன் ஜக்கார்டு. அதற்கு முன் அந்நகரத்துத் தறிகளில் கயிறு இழுக்கச் சிறுவர் சிறுமியர் குந்தியிருந்தனர். நம் நாட்டுப் பட்டுத்தறிகளிலும் கோர்வை போடச் சிறுவர்கள் உட்கார்ந்த காலம் மிகத் தொலைவில் இல்லை.

இந்தப் பெட்டிக்குள் கருவி மட்டுந்தானா இருக்கிறது? கருத்தும் இருக்கிறது! 1751ஆம் ஆண்டு பாரிசில் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் திதரோ, கத்தி செய்யும் கம்மியர் ஒருவரின் மகன். இறையியலும் இலக்கணமும் இருந்த அதே ஏட்டில் கண்ணாடி ஊதுவோன், தச்சன், பட்டு நெய்வோன் ஆகியோரின் தொழில்களையும் அவர் இடம்பெறச் செய்தார். பட்டறைகளைப் பார்த்து, தொழிலாளரைக் கேட்டு எழுதினார். பதினேழு தொகுதி எழுத்து. பதினொரு தொகுதி படம். அரசு தடுத்தது, போப்பாண்டவர் தள்ளிவைத்தார், ஏடு நிற்கவில்லை. தந்தை மகனுக்கு மட்டும் காட்டும் கமுக்கமாகவும், தொழிற் குழுவினர் பூட்டிவைத்த சொத்தாகவும் இருந்த கைத்திறன், எவரும் படித்துக் கற்கக்கூடிய அறிவாக மாறியது. துளையிட்ட அட்டையும் அதே வகையினதன்றோ? நெய்கிறவனின் குலத்தை அது கேட்பதில்லை. தொழிலைப் பிறப்போடு முடிச்சுப் போட்ட நாட்டில், அந்த அட்டை ஒரு பெருங் கலகம் செய்திருக்க வேண்டும். செய்ததா? அட்டையை வாங்கினோம், முடிச்சை அவிழ்க்கவில்லை. பெருமகனார் கேட்ட ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில்தான் இருக்கிறது!

அறிவொளி என்றால் யாது என்ற கேள்விக்கு மிகச் சுருக்கமான விடை எழுதியவர் இம்மானுவேல் காண்ட். அவரும் கைவினைஞர் மகனே. தந்தையார் குதிரைச் சேணம் தைத்தவர். 1784 டிசம்பரில் பெர்லின் நகரத் திங்களிதழ் ஒன்றில் அக்கட்டுரை வெளிவந்தது. மனிதன் தன் அறிவைப் பிறர் துணையின்றிப் பயன்படுத்த அஞ்சும் நிலைக்கு அவர் முதிராமை என்று பெயர் வைத்தார். எனக்காகப் புத்தகம் எண்ணுகிறது, எனக்காகப் பாதிரி மனச்சான்று வைத்திருக்கிறார், என் பத்தியத்தை மருத்துவர் முடிவு செய்கிறார், பின் நான் எதற்கு வருந்தவேண்டும் என்று வாழும் மனிதனை அவர் நையாண்டி செய்கிறார். படித்தபோது நம் தெருவையே காண்பதுபோல் இருந்தது. புதுத்தறி பூட்ட நாள் பார்க்கச் சோதிடரிடம் ஓடுகிறவனும், மகள் படிப்பதா வேண்டாமா என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்கிறவனும் அந்த வரிகளுக்குள் நடமாடுகிறார்கள்.

எனினும், காண்டை வணங்கி நிற்பது காண்டையே மறுப்பதாகும். அவருடைய கட்டுரையில் நம்மால் ஏற்கவியலாத இடங்கள் உள்ளன.

அந்த முதிராமையை மனிதன் தானே வருவித்துக்கொண்டான் என்கிறார் அவர். சோம்பலும் கோழைத்தனமுமே காரணமாம். கோனிக்ஸ்பெர்க் நகரத்துக் கற்றோருக்கு அது பொருந்தலாம். எழுத்தே கேட்கக்கூடாதென்று சாத்திரம் விதித்து, பள்ளி வாயிலில் பிறப்பை விசாரித்த நாட்டில், அறியாமைக்கு அறியாதவனையா குற்றஞ்சாட்டுவது? பூட்டிய வீட்டுக்குள் இருப்பவனைப் பார்த்து, ஏன் வெளியே வரவில்லை, சோம்பேறியா என்று கேட்பதற்கு ஒப்பாகாதா அது? பூட்டை முதலில் பார்த்தவர் மராட்டியத்தின் சோதிராவ் பூலே. அமெரிக்க விடுதலைப் போரிலும் பிரெஞ்சுப் புரட்சியிலும் பங்குகொண்ட தாமஸ் பெய்னின் நூலை அவர் கற்றார். கற்றதோடு நில்லாமல், 1848இல் புனே நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். சாவித்திரிபாய் அதில் ஆசிரியையானார். துணிவு கொள் என்று சொல்லுமுன் எழுத்தைக் கையில் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் காண்டுக்கு அளித்த மறுமொழி. காண்டின் பெயரை அவர்கள் கேட்டிருக்கவே வேண்டியதில்லை!

அடுத்தது கீழ்ப்படிதல். ஏட்டில் எழுதும்போது எவரும் எதையும் வாதிடலாம். பதவியில் இருக்கும்போது இட்ட பணியைச் செய்யவேண்டும் என்று பிரிக்கிறார் காண்ட். படைவீரன் ஆணைக்கு அடங்குக, குடிமகன் வரியைக் கட்டுக, பாதிரி சபை சொன்னதை ஓதுக. பிறகு கற்றோன் என்ற முறையில் உலகத்துக்கு எழுதுக! எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுங்கள், கீழ்ப்படிந்தால் போதும் என்று சொல்லவல்ல இரண்டாம் பிரெடரிக் மன்னரை அவர் புகழவும் செய்கிறார். ஆசிரியத் தொழில் பார்க்கும் நமக்கு இந்த ஏற்பாடு வசதியானதே. பகலில் பாடத்திட்டம், இரவில் கட்டுரை! ஆனால் எழுதும் உலகம் இல்லாதவன் கதி என்ன? முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தறியோடு கட்டுண்ட நெசவாளி கூலி பற்றி வாதிட்டால் அது பணியிடத்து வாதம்; அடங்கவேண்டும். அவனுக்கு ஏடு ஏது, வாசகர் ஏது? 1831இல் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கூலிக்கு ஒரு நிலையான விகிதம் கேட்டார்கள். விகிதம் ஒப்புக்கொள்ளப்பட்டது, பின் மறுக்கப்பட்டது, அவர்கள் கிளர்ந்தெழுந்து நகரையே கைப்பற்றினார்கள். படை வந்து அடக்கியது. ஜக்கார்டின் பொறி பிறந்த ஊரிலேயே வாதிடும் உரிமை தறிக்குழி வரை இறங்கி வரவில்லை.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். முதிர்ச்சியை நோக்கி அடியெடுத்து வைப்பது ஆபத்து என்று பெண்ணினம் முழுவதையும் காவலர்கள் நம்பவைத்திருக்கிறார்கள் என்று காண்ட் எழுதினார். சரியான பார்வை. ஆனால் அந்தக் காவலர்களின் வரிசையில் தாமும் நின்றதை அவர் பார்க்கவில்லை. 1764இல் எழுதிய நூலில் கற்ற பெண்களை எள்ளி நகையாடியவர் அவரே. அதே நூலில், கறுப்பு மனிதன் ஒருவன் சொன்னதை அவன் நிறத்தைக் காட்டியே தள்ளிவிடுகிறார். சொல்லை விட்டுச் சொன்னவன் தோலைப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதா? நம் ஊர்த் திண்ணைகளில் நாள்தோறும் நடப்பது அதுதானே!

இங்கேதான் பெருமகனார் துள்ளி எழுவார்: "பார்த்தீர்களா, நாம் சொன்னது சரியாயிற்று!" பொறுங்கள், ஐயா. உங்களுக்கு உதவியாக இன்னொரு செய்தியும் தருகிறோம். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்த அதே 1751ஆம் ஆண்டின் டிசம்பர் திங்களில், இதே ஆரணியருகே, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் போரிட்டார்கள். எதிரே ஆங்கிலேயர் கிளைவ். பாரிசு அறிவை அச்சிட்ட ஆண்டில் ஆரணிக்கு அனுப்பியது துப்பாக்கியை. மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியைக் கண்டித்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். அயல்நாடுகளில் ஐரோப்பியர் நடத்திய கொள்ளையைச் சாடி 1770இல் ரெய்னால் பாதிரியார் பெயரால் வெளிவந்த நூலின் பிற்பதிப்புகளில் கடுமையான பகுதிகள் பல திதரோ எழுதியவை. மனித உரிமை என்ற சொல்லைப் பாரிசு தன்னவர்க்கென்று வைத்துக்கொள்ளப் பார்த்தபோது, ஹெய்ட்டித் தீவின் அடிமைகள் அது தங்களுக்கும் உரியதென்று எழுந்தார்கள். நெப்போலியனின் படையை முறியடித்து, 1804இல் தனிநாடு கண்டார்கள். அறிவொளி வெள்ளையனின் சரக்கென்றால், அதை வெள்ளையனுக்கெதிராகத் திருப்பியவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் மண்ணிலும் அந்தக் கணக்குப் பழையது. 1878இல் சென்னையில் இலௌகிக சங்கம் தோன்றியது. 1882 முதல் 1888 வரை அதன் தமிழ் ஏடு 'தத்துவ விவேசினி' நாத்திகமும் அறிவியலும் பேசியது. அதே 1882இல் அத்திப்பாக்கம் வேங்கடாசல நாயகர் இந்துமத ஆசாரங்களைக் கிழித்து ஒரு நூலே எழுதினார். சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது! 1929இல் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது; 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. காண்ட் பார்க்கத் தவறியதை இங்கிருந்தவர்கள் பார்த்தார்கள். இதை இரவல் என்பவர்க்கு இரவலின் பொருளே தெரியாது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது கூட்டம் மட்டுமன்று. நாம் பாடஞ் சொல்லும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"இந்த ஓட்டையெல்லாம் யார் சார் போடறது?"

வடிவம் வரைகிறவர் ஒருவர், அட்டை அடிக்கிறவர் ஒருவர் என்றோம். இப்போது கணினி வழியாகவும் நடக்கிறது என்றோம்.

"அப்போ எங்கப்பா ஏன் சார் போடக்கூடாது? அவர்தானே நெய்யறார்?"

அன்று வரலாற்றுப் பாடம் நடக்கவில்லை. அந்த ஓட்டைகளைப் பற்றியே மணியடிக்கும்வரை பேசினோம். பாடத்தில் இல்லாததை எதற்குப் பேசினீர்கள் என்று பிறகு மேலிடத்தில் கேட்டார்கள். காண்டின் ஏற்பாட்டுப்படி அடங்கிக் கேட்டுக்கொண்டோம்.

இப்போது மூன்று கிழமைகளாக அவன் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்றோம். தந்தைக்குத் தோள்வலி, பையன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். தாயார் தார் சுற்றிக்கொண்டே, உட்காருங்கள் என்று பாயைத் தள்ளினார். "இந்தப் பாவு முடியட்டும் சார், அனுப்பிடறேன். முன்பணம் வாங்கியாச்சு" என்றார் தந்தை. பாவில் மூன்று சேலைகள். இரண்டாவதில் பாதிதான் முடிந்திருந்தது.